பாட்டுப் பெட்டியின் சாவி யார் கையில்?

ஹை-ஃபை பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் என்றைக்காவது ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். நல்ல ஆம்ப்ளிஃபையர் வாங்கியாச்சு, ஸ்பீக்கரும் வந்தாச்சு, இனிமேல் பாட்டை எதிலிருந்து எடுத்துப் போடுவது? மியூசிக் சர்வர் என்று ஏதோ சொல்கிறார்களே, அதில் எது நல்லது?

கேட்ட மாத்திரத்தில் ரெண்டு கோஷ்டிகள் ஓடி வரும். முதல் கோஷ்டி சொல்லும்: "சர்வராவது மண்ணாவது, மாசச் சந்தா கட்டு, உலகத்துப் பாட்டு மொத்தமும் கைபேசியில் இருக்கு." இரண்டாவது கோஷ்டி கொஞ்சம் காஸ்ட்லி. "தம்பி, ஒரு ரெண்டு லட்சம் ஒதுக்கு, அப்புறம் பேசுவோம்" என்று ஆரம்பிக்கும். இந்த இரண்டு கோஷ்டியோடும் சண்டை போடத்தான் இந்தக் கட்டுரை. முதலாவது நம்மை வாடகைக்குக் குடி வைக்கிறது. இரண்டாவது நம் தலையில் மிளகாய் அரைக்கிறது.

நான் ஆத்தூர்க்காரன். சேலம் ஆத்தூர் இல்லீங்க, திண்டுக்கல் ஆத்தூர். காமராஜர் அணை இருக்கிற ஆத்தூர் என்றால் இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புரியும். எங்கள் மாவட்டத்துக்குப் பூட்டுதான் பேர். 2019-ல் புவிசார் குறியீடுகூட கிடைத்தது. பூட்டு விற்கிற ஊர்ப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: இதோட சாவி யார்கிட்ட இருக்கு? மியூசிக் சர்வர் வாங்கும்போதும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஒலித்தரம், அழகு, விலை எல்லாம் அப்புறம்.

முதலில் சர்வர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மூன்றே பாகம். ஒன்று, பாட்டுக் கோப்புகள் இருக்கிற வட்டு. இரண்டு, அந்தக் கோப்புகளைப் படம், பாடகர், இசையமைப்பாளர் என்று அடுக்கி வைத்து, கேட்டதை எடுத்துக் கொடுக்கிற மென்பொருள். மூன்று, எடுத்துக் கொடுத்ததை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிற பிளேயர். மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கலாம், மூன்று அறையில் தனித்தனியாகவும் இருக்கலாம். சந்தாச் செயலிகளிலும் இதே மூன்றுதான். என்ன வித்தியாசம் என்றால், முதல் இரண்டும் வேறு ஒருவருடைய வீட்டில் இருக்கும்.

அதனால் என்ன கெட்டுப் போச்சு என்பீர்கள். கூகுள் பிளே மியூசிக் என்று ஒன்று இருந்தது. ஜனங்கள் தங்கள் சொந்தக் கோப்புகளையே அங்கே ஏற்றி வைத்திருந்தார்கள். 2020 டிசம்பரோடு கடையைச் சாத்தினார்கள். ரெஸ்ஸோ என்று ஒன்று வந்தது, 2024 ஜனவரியோடு இந்தியாவில் மூட்டை கட்டியது. விங்க் மியூசிக்கை மூடப் போவதாக 2024 ஆகஸ்டில் ஏர்டெல் அறிவித்தது. 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபைக்கும் ஜீ மியூசிக்குக்கும் ஒப்பந்தம் ஒத்துவரவில்லை, ஒரே நாளில் ஏகப்பட்ட இந்திப் படப் பாட்டுகள் காணாமல் போயின. இத்தனைக்கும் சந்தா கட்டினவர் ஒரு நாள்கூட பாக்கி வைத்திருக்க மாட்டார்!

தமிழில் இது இன்னும் சிக்கல். இளையராஜா பாடல்களின் உரிமை யாருக்கு என்பதில் அவருக்கும் எக்கோ, அகி நிறுவனங்களுக்கும் சென்னை உயர்நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக வழக்கு. 2019-ல் தீர்ப்பு வந்தது, பிறகு மேல்முறையீடும் வந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வக்கீல் இல்லை. படைத்தவருக்கு உரிமை போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் அந்தக் கோர்ட்டில் கேட்கிறவனுக்கு நாற்காலி இல்லை. வழக்கு எப்படி முடிந்தாலும், நாளைக்கு ஒரு பாட்டு பட்டியலில் இருக்குமா இருக்காதா என்பதை உங்களைக் கேட்டு முடிவு செய்யப் போவதில்லை. உங்கள் அலமாரியில் இருக்கிற சிடிக்கு இந்தக் கவலை கிடையாது. காசு கொடுத்து வாங்கினதை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து தூக்கிக்கொண்டு போக முடியாது.

இங்கே ஒரு நேர்மை வேண்டும். "ஸ்ட்ரீமிங்கில் தரம் கம்மி" என்று இன்னமும் சிலர் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டு பழசாகிவிட்டது. ஆப்பிள் மியூசிக் 2021-லேயே இழப்பில்லாத தரத்தில் கொடுக்க ஆரம்பித்தது. ஸ்பாட்டிஃபையும் 2025-ல் வந்து சேர்ந்தது. ஆகவே தரத்தை வைத்து நான் சண்டை போடவில்லை. சாவியை வைத்துத்தான் போடுகிறேன்.

சரி, இப்போது இரண்டாவது கோஷ்டி. ஒரு பெரிய ஊர் ஷோரூமில் என் காதாலேயே கேட்டேன். விற்பனையாளர் ஒரு கனமான அலுமினியப் பெட்டியைக் காட்டி, "இந்த சர்வரில் போட்டால் பாட்டுக்குப் பின்னால் இருக்கிற நிசப்தம் இன்னும் கறுப்பாக இருக்கும் சார்" என்றார். நிசப்தத்துக்குக் கலர் அடிக்கிற வித்தை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது :-)

கணக்கைப் பாருங்கள். சிடியில் வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு தடங்கள். பெருக்கினால் வினாடிக்கு சுமார் 14 லட்சம் பிட். இதை ஃப்ளாக் கோப்பாகச் சுருக்கினால் ஏறக்குறைய பாதியாகும், ஒரு பிட்கூட இழப்பில்லாமல் திரும்ப விரியும். இந்த வேகம் இன்றைய கணினிக்குக் கொசுக்கடி. சர்வரின் வேலை இந்த எண்களைத் தப்பில்லாமல் எடுத்துக் கொடுப்பது மட்டும்தான். பிளேயர் அவற்றைக் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டு தன் சொந்தக் கடிகாரத்தின்படி வெளியே விடுகிறது. எண்களை மின் அலையாக மாற்றும் இடத்தில் வித்தியாசம் வரலாம், ஸ்பீக்கரில் நிச்சயம் வரும், உங்கள் ஹாலின் வெற்றுச் சுவரில் அதைவிடப் பெரிதாக வரும். வட்டிலிருந்து கோப்பை எடுத்துக் கொடுக்கிற குமாஸ்தாவுக்குத் தங்க மோதிரம் போட்டால் கோப்பு ஒன்றும் அழகாகிவிடாது. அந்த ரெண்டு லட்சத்தை ஸ்பீக்கருக்குப் போடுங்கள். மிச்சமிருந்தால் ஹாலுக்கு ஒரு கனமான திரைச்சீலை வாங்குங்கள்.

காசு அதிகம் கொடுத்தால் சாவியாவது நம் கைக்கு வருமா? அதுவும் இல்லை. சோனோஸ் கம்பெனி 2024 மே மாதம் தன் செயலியை அடியோடு மாற்றி எழுதி வெளியிட்டது. அலாரம் வேலை செய்யவில்லை, வரிசையைத் திருத்த முடியவில்லை, வீட்டில் இருக்கிற சொந்தப் பாட்டுத் தொகுப்பில் தேட முடியவில்லை. நேற்றுவரை நன்றாக ஓடிய பெட்டிகள்தான், வாங்கினவர் ஒரு தப்பும் செய்யவில்லை. ரகளை பெரிதாகி, 2025 ஜனவரியில் தலைமை அதிகாரியே பதவி விலக வேண்டியதாயிற்று.

ரூன் என்று ஒரு மென்பொருள். அழகு என்றால் அழகு, மறுக்க மாட்டேன். பாடகரின் வரலாறு, யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்பதெல்லாம் திரையில் விரியும். வாழ்நாள் உரிமம் 800 டாலருக்கு மேல். ஆனால் 2022-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, உங்கள் வீட்டு வட்டில் இருக்கிற உங்கள் சொந்தப் பாட்டைக் கேட்கவும் இணையம் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். 2023 நவம்பரில் சாம்சங்குக்குச் சொந்தமான ஹார்மன் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. வாழ்நாள் உரிமம் என்றால் யாருடைய வாழ்நாள்? உங்களுடையதா, கம்பெனியுடையதா, இல்லை அடுத்து வாங்கப் போகிறவரின் பொறுமையுடையதா? எங்கள் ஊரில் ரோட்டைத் தோண்டினால் ஃபைபர் போய்விடும். என் ஹாலுக்கும் என் அலமாரிக்கும் நடுவில் இன்னொரு தேசத்துக் கணினி எதற்கு?

இதற்கு நேர் எதிரான ஒரு கதை இருக்கிறது. அதைச் சொன்னால்தான் என் கட்சி விளங்கும். அமெரிக்காவில் ஸ்லிம் டிவைசஸ் என்று ஒரு சின்னக் கம்பெனி. 2000-களின் தொடக்கத்திலேயே கணினியில் இருக்கிற பாட்டை ஹால் ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுவர ஒரு பெட்டி செய்தார்கள். 2003-ல் ஸ்க்வீஸ்பாக்ஸ் வந்தது. கூடவே கொடுத்த ஸ்லிம்சர்வர் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருளாக, யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். 2006-ல் லாஜிடெக் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2012-ல் அந்தப் பெட்டி வரிசையையே நிறுத்தியது. 2024-ல் அதற்கான இணையச் சேவையையும் மூடியது.

வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் அதோடு கதை முடிந்திருக்கும், காயலான் கடைதான். ஆனால் மென்பொருளின் சாவி ஜனங்கள் கையில் இருந்தது. ஆர்வலர்கள் எடுத்து நடத்தினார்கள், இன்றும் நடத்துகிறார்கள். இப்போது அதன் பெயர் லிரியன் மியூசிக் சர்வர். 2003-ல் வாங்கிய பெட்டிகூட இன்றைய லிரியனோடு பேசிப் பாடும். அந்தப் பெட்டி இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஒரு ராஸ்பெர்ரி பை கணினியில் பைகோர்ப்ளேயர் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அதுவே ஸ்க்வீஸ்பாக்ஸ் ஆகிவிடும். கம்பெனி கைவிட்டும் பொருள் சாகவில்லை. எந்த லட்ச ரூபாய்ப் பெட்டிக்கும் இந்த உத்தரவாதத்தைக் கொடுக்க எந்தக் கடைக்காரருக்கும் தைரியம் வராது.

நம் ஊர்த் தேவைக்கும் இது எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்.

முதலாவது கரண்ட். பைகோர்ப்ளேயர் துவங்கும்போதே தன்னை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு அங்கிருந்தே ஓடுகிறது. அதனால் பட்டென்று மின்சாரம் போனாலும் அதன் அட்டை கெட்டுப்போகும் பயம் குறைவு. பாட்டு வட்டு இருக்கிற கணினிக்கு மட்டும் இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்துவிடுங்கள். சாப்பாடும் கம்மி. சுமார் 4 வாட் என்று வைத்தால் இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு ஆறு யூனிட்தான். நமக்கு இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

இரண்டாவது இடைவெளி. கச்சேரி சிடியில் ராகம் ஒரு தடம், தானம் ஒரு தடம், பல்லவி ஒரு தடம் என்று பிரித்திருப்பார்கள். சில பிளேயர்களில் தடம் மாறும்போது ஒரு நொடி 'டொக்' என்று அறுந்துவிடும். தம்புரா சுருதி நடுவில் அறுந்தால் கச்சேரி கேட்ட மாதிரியா இருக்கும்? ஃப்ளாக் கோப்பும் லிரியனும் சேர்ந்தால் இந்த அறுப்பு கிடையாது. என்ன வாங்கினாலும், வாங்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்து பாருங்கள்.

மூன்றாவது பெயர்கள். எனக்கு ரொம்ப வயிறு எரிகிற விஷயம் இது. ஆங்கிலத்தில் இளையராஜா பெயரை நாலைந்து விதமாக எழுதலாம். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு ராஜா என்று செயலிகளில் பிரிந்து கிடப்பார். நடிகர் பெயர் முன்னால் நிற்கும், பாட்டு எழுதியவர் யார் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். நம் கோப்பில் நாமே தமிழில் எழுதி வைக்கலாம். திஸ்கி எழுத்துருவில் பெயர் எழுதி, வேறு கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் மலையேறிவிட்டது. ஃப்ளாக் கோப்பில் யூனிகோடு தமிழ் ஜம்மென்று உட்காரும். இன்னொரு குறுக்கு வழியும் சொல்கிறேன். 'வகை' என்ற கட்டத்தில் ராகத்தின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். கல்யாணி என்று தொட்டால் 'திருவருட்செல்வர்' படத்து கே.வி.மகாதேவனும் 'தாய் மூகாம்பிகை' படத்து இளையராஜாவும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். எந்தக் கம்பெனியும் உங்களுக்காக இதைச் செய்து தரப் போவதில்லை.

நான்காவதுதான் முக்கியம். எங்கள் பக்கம் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடக்கும். வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணுவதை டேப்ரிக்கார்டரில் பதிந்து வைத்த வீடுகள் ஏராளம். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி என்று வீட்டுப் பெண்கள் பாடியதைப் பதிந்து வைத்தவர்களும் உண்டு. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் அப்படி நாலைந்து கேசட் கிடக்கிறது. அவற்றுக்கு எந்தச் சந்தாச் செயலியிலும் இடம் கிடையாது. அந்தக் குரல்களுக்கு இருப்பது ஒரே ஒரு பிரதி, அதுவும் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. "எல்லாப் பாட்டும் கைபேசியில் இருக்கு" என்று சொல்கிற நண்பரே, இது இருக்கிறதா? ஒரு டேப் டெக், ஒரு கேபிள், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள் போதும். டெக்கின் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை மெதுவாகத் திருப்பி, ஓசை எங்கே அதிகத் தெளிவாக வருகிறதோ அங்கே நிறுத்திவிட்டுப் பதியுங்கள். பதிந்ததை சர்வரில் ஏற்றினால், சின்னம்மா பாடிய தாலாட்டும் எம்.எஸ்.வி.யும் ஒரே அலமாரியில் சமமாக இருப்பார்கள்.

இனி ஆட்சேபணைகள்.

"இதெல்லாம் திருட்டுப் பாட்டுக்கு வழி காட்டுவதுதானே?" இல்லை. காசு கொடுத்து வாங்கிய சிடியைப் பற்றிப் பேசுகிறேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை உரிமை மீறல் ஆகாது என்கிறது. ஓசியில் இறக்கி வட்டை நிரப்புகிறவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சொல்லப்போனால், ஒரு ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவன்தான் கலைஞனுக்கு ஒரு தடவையாவது உருப்படியாக ஏதோ கொடுக்கிறான்.

"இவ்வளவு வேலை யார் செய்வது?" ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு சிடி. வருஷத்துக்கு இருநூறு. தமிழ்ப் படப் பாட்டு சிடி அரை மணி நேரம்தான் ஓடும், ஃப்ளாக்கில் 200 எம்பிக்குள் முடிந்துவிடும். ஒரு டெராபைட் வட்டில் ஐயாயிரம் படம் கொள்ளும். நிரப்பக் கால் நூற்றாண்டு ஆகும்!

"வட்டு செத்துப்போனால்?" சாகும். கட்டாயம் ஒருநாள் சாகும். அதனால் இன்னொரு வட்டில் பிரதி எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். சாவி நம் கையில் என்றால் பொறுப்பும் நம் தலையில்தான். அதைத் தட்டிக்கழிக்க நினைப்பவர் சந்தாவே கட்டலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. இழந்த பிறகு புலம்பக் கூடாது, அவ்வளவுதான்.

"புதுப் பாட்டு எப்படிக் கேட்பது?" செயலியில் கேளுங்கள், யார் வேண்டாம் என்றது? ஸ்ட்ரீமிங் ரேடியோ மாதிரி. கேட்டுப் பார்க்க, ருசி பார்க்க அருமையான இடம். லிரியனிலேயே இணைய வானொலியும், நீட்சிகள் மூலம் சில சந்தாச் சேவைகளும் வரும். விருந்தாளியாக வரட்டும், வீட்டுப் பத்திரத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆக, ஹை-ஃபை கடைக்குப் போகும் முன் மூன்றே மூன்று கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இணைய வயரைப் பிடுங்கினால் என் பாட்டு பாடுமா? இந்தக் கம்பெனி நாளைக்கே மூடினால் இந்தப் பெட்டி பாடுமா? என் தொகுப்பை அப்படியே தூக்கி வேறு மென்பொருளில் போட முடியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தாராளமாக வாங்குங்கள், எந்தக் கம்பெனி பெட்டியானாலும் சரி. ஒன்றுக்கு இல்லை என்றாலும் நடையைக் கட்டுங்கள். வீட்டில் சும்மா கிடக்கிற பழைய லேப்டாப்பில் இன்றைக்கு ராத்திரியே லிரியனைப் போட்டுப் பாருங்கள். செலவு பூஜ்யம். முதலில் ஏற்ற வேண்டியது டிரங்குப் பெட்டியில் பூஞ்சை பிடிக்கிற அந்தக் கேசட்டை. சிடி காத்திருக்கும், அது காத்திருக்காது.